சோடா ரொட்டி: எந்தச் சோடா, யாருடைய ரொட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சோடா ரொட்டி சுட ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் அதன் பேரைப் பற்றியவை. அதனால் பேரிலிருந்தே தொடங்குகிறேன். செய்முறைக்காக மட்டும் வந்தவர்கள் நேரே கீழே போய்விடலாம்.

சோடா ரொட்டியில் கோலி சோடாவா ஊற்றுகிறார்கள்?

இல்லை. ஆனால் கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. தமிழில் சோடா என்றதும் பாட்டில்தான் கண்முன் வரும். ரொட்டியின் பேரில் இருப்பது அடுப்படி டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடி. ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று வீட்டுக்கு வீடு பேர் மாறும். பொருள் ஒன்றுதான், சோடியம் பைகார்பனேட். ஈஸ்ட் போடாமல், இந்தச் சோடாவையும் புளித்த மோரையும் கொண்டு உப்ப வைக்கும் அயர்லாந்து ரொட்டி இது. மாவு, சோடா, உப்பு, மோர் என நாலே சாமான். ஊற வைக்கிற வேலை கிடையாது.

அப்படியென்றால் பாட்டிலுக்கும் பொடிக்கும் ஒரே பேர் எப்படி வந்தது?

இரண்டுக்கும் மூலம் சாம்பல். கடலோர உவர்நிலத்தில் முளைக்கும் சில செடிகளை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் காரத்தன்மை மிகுதி. கண்ணாடி உருக்கவும் சோப்புக் காய்ச்சவும் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு அதைத்தான் வாங்கினார்கள். ‘சோடா’ என்ற பேர் முதலில் அந்தச் சாம்பல் காரத்துக்கு இருந்தது. நம் ஊரில் துணி வெளுக்கப் பயன்பட்ட உவர்மண்ணும் இதே வகையறாதான்.

1791இல் பிரான்சில் நிக்கோலா லெப்லாங் சாதாரண உப்பிலிருந்தே சோடாவைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செடியை எரிக்க வேண்டிய தேவை மெல்லக் குறைந்தது, சரக்கும் மலிந்தது. 1807இல் ஹம்ப்ரி டேவி அந்தக் காரத்துக்குள் மின்சாரம் பாய்ச்சி ஒரு உலோகத்தைப் பிரித்தெடுத்து, சோடாவிலிருந்து வந்ததால் அதற்குச் சோடியம் என்று பேர் வைத்தார். ஆக, சோடியத்திலிருந்து சோடா வரவில்லை. சோடாவிலிருந்துதான் சோடியம் வந்தது.

பாட்டில் பக்கம் கதை இப்படி: பொங்கும் தண்ணீர் தயாரித்த ஆரம்ப காலத்தில் அதற்குச் சோடா உப்பையும் பயன்படுத்தினார்கள். அதனால் சோடா வாட்டர். பிறகு உப்பே போடாமல் வாயுவை மட்டும் அடைத்தபோதும் பேர் ஒட்டிக்கொண்டது. தமிழில் தண்ணீர்கூடக் கழன்று வெறும் சோடா ஆயிற்று. பாட்டிலில் பொங்குவதும் ரொட்டிக்குள் ஓட்டை போடுவதும் ஒரே கரியமில வாயுதான். அந்த வகையில் முதல் கேள்வி கேட்டவர் அவ்வளவு தூரம் தப்பிப் போகவில்லை.

அயர்லாந்தில் ஆப்ப சோடாவை என்ன சொல்வார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. அங்கே அதற்குப் பேர் ‘பிரெட் சோடா’. ரொட்டிச் சோடா. அதாவது சோடா போட்ட ரொட்டி சோடா ரொட்டி, ரொட்டிக்குப் போடும் சோடா ரொட்டிச் சோடா. ஐரிஷ் சமையல் குறிப்பில் ‘பிரெட் சோடா ஒரு டீஸ்பூன்’ என்று பார்த்தால் ஏதோ தனிச் சரக்கு என்று கடை கடையாய்த் தேட வேண்டாம்.

யோசித்தால் நாமும் அதையேதான் செய்திருக்கிறோம். ஆப்பத்துக்குப் போட்டோம், ஆப்ப சோடா என்றோம். அப்பளத்துக்குப் போடும் கார உப்பு அப்பளக்காரம் ஆயிற்று. ஒரு பொடி ஊருக்குள் நுழைந்ததும், அங்கே எந்தப் பண்டத்தில் அதிகம் விழுகிறதோ அதன் பேரை வாங்கிக்கொள்கிறது. ஆப்பத்தைப் பழைய முறையில் கள் ஊற்றிப் புளிக்க வைத்தவர்கள் அதே இடத்தில் பின்னாளில் சோடாவைக் கிள்ளிப் போட்டார்கள். பேரிலும் ஆப்பம் ஏறிக்கொண்டது.

போலந்தில் இது தலைகீழ். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில் ‘ப்ரோஜாக்கி’ என்று வட்ட வட்டமாய்ச் சின்ன ரொட்டி சுடுவார்கள். மாவு, புளித்த பால், சோடா. அந்த வட்டாரப் பேச்சில் சோடாவுக்கு ‘ப்ரோஜா’ என்று பேர். பண்டம் சோடாவின் பேரை வாங்கிக்கொண்டது. அதாவது அதுவும் ஒரு சோடா ரொட்டிதான்.

அயர்லாந்தில் எங்கே போய்க் கேட்டாலும் ஒரே சோடா ரொட்டிதான் கிடைக்குமா?

கிடைக்காது. குழப்பமே இங்கேதான்.

தெற்கே, அயர்லாந்துக் குடியரசில், சோடா ரொட்டி என்றால் உயரமான உருண்டை. மேலே கத்தியால் கூட்டல் குறி போலக் கீறி, ஓவனில் சுட்டது. முழுக் கோதுமை மாவில் செய்தால் பெரும்பாலும் சோடாவின் பேரையே சொல்ல மாட்டார்கள். ‘பிரவுன் பிரெட்’, அவ்வளவுதான். அங்கே அந்தச் சொல் கேட்டால் ஈஸ்ட் போட்ட பழுப்பு பிரெட்டைவிட சோடா போட்டதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். (அதே சொல்லை லண்டன் கிழக்குப் பகுதிக் கொச்சையில் சொன்னால் ‘செத்துவிட்டான்’ என்று பொருள். ‘டெட்’டுக்கு எதுகையாக ‘பிரெட்’.)

வடக்கே, பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் பக்கம் போனால், சோடா ரொட்டி தட்டையானது. ஓவனுக்குப் போகாமல் இரும்புக் கல்லில் சுடுவது. வெள்ளை மாவு, கால் வட்ட வடிவம். தெற்கத்திக்காரர் பிரவுன் பிரெட் என்று சொல்லும் பழுப்பு ரொட்டிக்கு வடக்கே ‘வீட்டன்’ என்று பேர். அதைச் சோடா ரொட்டி என்று அங்கே சொன்னால் திருத்துவார்கள்.

வடக்கில் இன்னொன்றும் உண்டு: ரொட்டி என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘ஒரு சோடா’ என்பார்கள். பன்றியிறைச்சியும் முட்டையும் உள்ளே வைத்த சோடா காலைச் சிற்றுண்டிக் கடைகளில் பிரபலம். நம் ஊரில் பிரியாணி தின்றுவிட்டு ‘ஒரு சோடா’ கேட்பவரும் பெல்ஃபாஸ்டில் ‘ஒரு சோடா’ கேட்பவரும் சந்தித்தால் ஒருவர் கேட்டது இன்னொருவர் கையில் இருக்கும்.

ஃபார்ல் என்கிறார்களே, அது வேறு ரொட்டியா?

வடக்கத்திச் சோடா ரொட்டியின் ஒரு துண்டுதான் ஃபார்ல். பழைய ஸ்காட்ஸ் மொழியில் நாலில் ஒரு பங்கு என்று பொருள் தரும் ‘ஃபார்டெல்’ தேய்ந்து வந்த சொல். மாவை வட்டமாகத் தட்டி, நாலாக நறுக்கிச் சுடுவதால் இந்தப் பேர். தமிழில் இதற்குச் சரியான சொல் கைவசம் இருக்கிறது: கால். கால் படி, கால் ரூபாய் போல. பேர் அளவைச் சொல்கிறது, சாமானைச் சொல்லவில்லை. அதனால்தான் உருளைக்கிழங்கு ஃபார்லும் உண்டு, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் ஃபார்லும் உண்டு. சோடா ஃபார்ல் என்று முழுதாகச் சொன்னால்தான் சந்தேகம் தீரும்.

சில ஐரிஷ்காரர்கள் இதைக் கேக் என்கிறார்களே?

நாட்டுப்புறத்தில், குறிப்பாகத் தெற்கே, ‘ஒரு கேக் ரொட்டி’ என்பது சர்வசாதாரணம். ‘சோடா கேக்’ என்பதும் உண்டு. இதில் சர்க்கரை ஒரு துளியும் இருக்காது. ஆங்கிலத்தில் கேக் என்ற சொல் முதலில் இனிப்பைக் குறிக்கவில்லை; தட்டையாக, வட்டமாகச் சுட்ட ரொட்டிக்குத்தான் அந்தப் பேர். இங்கிலாந்தில் இனிப்புப் பக்கம் சாய்ந்த பிறகும் அயர்லாந்துப் பேச்சில் பழைய பொருள் தங்கிவிட்டது. ஐரிஷ் மொழியிலும் அப்படியே: ‘அரான் சோடே’ என்றால் நேரடியாகச் சோடா ரொட்டி, ‘காக்க பாலே’ என்றால் வீட்டுக் கேக், அதாவது வீட்டில் சுட்ட ரொட்டி.

திராட்சை போட்டதும் சோடா ரொட்டிதானா?

இங்கே சண்டை வரும். அமெரிக்காவில் மார்ச் 17, புனித பேட்ரிக் நாள் நெருங்கும்போது ‘ஐரிஷ் சோடா பிரெட்’ என்று கடைகளில் குவிவதில் சர்க்கரை, வெண்ணெய், முட்டை, உலர்திராட்சை, சீரகம் போன்ற கேரவே விதை எல்லாம் இருக்கும். அயர்லாந்தில் திராட்சை போட்டது இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குத் தனிப் பேர் உண்டு. ‘ஸ்பாட்டட் டாக்’, புள்ளி நாய் என்பது ஒன்று; ‘ரயில்வே கேக்’ என்பது இன்னொன்று. பேரைப் பிரித்து வைத்ததிலேயே அவர்கள் எண்ணம் தெரிகிறது: வெறும் சோடா ரொட்டி தினப்படிக்கு, திராட்சை விருந்தாளிக்கு.

என் கட்சி ஐரிஷ் கட்சி. சர்க்கரையும் முட்டையும் போட்டால் அது நல்ல தின்பண்டம்தான், ஆனால் மீன் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள முடியாது.

ரொட்டி எங்கே முடிகிறது, கேக் எங்கே தொடங்குகிறது என்பது அயர்லாந்தில் நீதிமன்றம் வரை போன விஷயம். 1972ஆம் ஆண்டு வரிச் சட்டப்படி, ரொட்டிக்கு வரி கிடையாது என்றால் அதில் சர்க்கரை மாவு எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பெரிய சாண்ட்விச் கடைத்தொடரின் ரொட்டியில் 10 சதவீதம் இருந்தது. சட்டத்தின் கணக்கில் அது ரொட்டியே இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 450 கிராம் மாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 9 கிராம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் சொச்சம். அமெரிக்கச் சோடா ரொட்டிகள் பலவற்றுக்கு அந்த வரியில்லா வாசலில் இடம் கிடைக்காது.

இது எவ்வளவு பழைய ரொட்டி?

கேல்டிக் காலம், மடாலயம் என்றெல்லாம் கதை கட்டுவார்கள். நம்ப வேண்டாம். மலிவான சோடா கடைக்கு வந்த பிறகுதான் இந்த ரொட்டி வர முடியும். 1830களில்தான் அயர்லாந்தில் இதைப் பற்றிய பேச்சு அச்சில் தென்படுகிறது. 1836இல் வடக்கே ‘டவுன்’ என்ற பேர்கொண்ட மாவட்டத்துப் பத்திரிகை ஒன்று சோடா ரொட்டிச் செய்முறையை வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1796இல் அமெரிக்காவில் அமேலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில், மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைப் போட்டு மாவை உப்ப வைக்கும் குறிப்புகள் வந்துவிட்டன. ஆகவே காரத்தால் மாவை உப்ப வைப்பது ஐரிஷ் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. தினச் சாப்பாடாக ஆக்கிக்கொண்டது அவர்கள்.

ஏன் அவர்கள்?

நாலு காரணம் ஒன்றாய் வந்து சேர்ந்தது. ஈரக் காற்றில் விளையும் ஐரிஷ் கோதுமை மென்மையானது, புரதம் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதில் வராது. சோடாவுக்கோ அந்த மாவுதான் பொருத்தம். அடுத்து, குடிசைகளில் ஓவன் கிடையாது. பீட் என்ற, சதுப்புநிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டிகள் கனலும் திறந்த அடுப்புதான். மூன்றாவது, வெண்ணெய். கார்க் நகரம் வெண்ணெய் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். வெண்ணெய் விலைக்குப் போகும், கடைந்த மோர் வீட்டில் மிஞ்சும். நாலாவது, சோடா கெடாது. ஈஸ்ட்டைப் போல உயிரோடு காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஓவன் இல்லாத குறையைத் தீர்த்தது ‘பாஸ்டிபிள்’ என்ற மூன்று கால் இரும்புச் சட்டி. மாவை உள்ளே வைத்து மூடி, மூடியின் மேலும் தணல் கட்டிகளை அடுக்கிவிடுவார்கள். கீழும் மேலும் சூடு. இந்தச் சட்டியின் பேரும் ஊர்ப் பேர்தான்: இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்து பார்ன்ஸ்டபிள் ஊர்ச் சட்டி, ஐரிஷ் வாயில் பாஸ்டிபிள் ஆயிற்று. அதில் சுட்டது ‘பாஸ்டிபிள் கேக்’.

பஞ்ச காலத்து ‘இந்தியன் மீல்’ நம் ஊர் மாவா?

இல்லை. 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது, பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வரவழைத்தார். மக்காச்சோளத்தை அமெரிக்கப் பழங்குடியினரின் பேரில் ‘இந்தியன் கார்ன்’ என்று சொல்லிவந்ததால் அதன் மாவு ‘இந்தியன் மீல்’. கொலம்பஸ் செய்த பிழை ஐரிஷ் அடுப்பங்கரை வரை வந்து சேர்ந்தது. சோடா போட்டு அந்த மஞ்சள் மாவிலும் ரொட்டி சுட்டார்கள்.

மேலே ஏன் சிலுவை?

பக்தர்கள் ஆசீர்வாதம் என்பார்கள், பாட்டிமார் தேவதைகளை வெளியே விடுவதற்கு என்பார்கள். ஆழமாகக் கீறினால் நடுவில் சூடு ஏறி மாவு வேகும், வெந்த பிறகு நாலாகப் பிய்க்க வசதி. மூன்றையும் ஒரே கத்தி முடித்துவிடுகிறது.

சோடா உள்ளே என்ன வேலை செய்கிறது? கூடுதலாகப் போட்டால் இன்னும் உப்புமா?

சோடா காரம், மோரில் இருப்பது லாக்டிக் அமிலம். இரண்டும் தொட்ட கணமே கரியமில வாயு கிளம்பும். அந்தக் குமிழிகள் வெளியே ஓடுவதற்குள் சூட்டில் மாவு இறுகிக்கொள்ள வேண்டும். அதனால் கலந்த கையோடு ஓவன். இடையில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.

கூடுதலாகப் போட்டால் உப்பாது. மோரில் இருக்கும் அமிலம் எவ்வளவு சோடாவைக் கட்டுப்படுத்துமோ அவ்வளவுதான். மிச்சச் சோடா சூட்டில் சலவைச் சோடாவாக மாறி உள்ளேயே தங்கிவிடும். என் முதல் ரொட்டியில் ‘நன்றாக உப்பட்டுமே’ என்று இன்னொரு டீஸ்பூன் சேர்த்தேன். வெட்டிப் பார்த்தால் மஞ்சள் பூத்திருந்தது, வாயில் வைத்தால் சோப்பு நுரை. தெருநாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

பேக்கிங் பவுடர் போட்டால் அதுவும் சோடா ரொட்டியா?

பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு காய்ந்த அமிலப் பொடியையும் முன்கூட்டியே கலந்தது. 1843இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு இதைக் கொண்டுவந்தார். ஈஸ்ட் ஒவ்வாத மனைவிக்காகச் செய்தது. அதைப் போட்டால் ரொட்டி உப்பும், மோர் இல்லாமல் பாலிலேயே பிசையலாம். ஆனால் அந்த லேசான புளிப்பும் வாசனையும் இருக்காது. நான் அதைச் சோடா ரொட்டி என்று சொல்ல மாட்டேன். வட அயர்லாந்தில் ‘சோடா பிரெட் மாவு’ என்று சோடா கலந்தே பாக்கெட்டில் விற்பார்கள். யாராவது கொண்டுவந்து கொடுத்தால் மேலும் சோடா போட்டுவிடாதீர்கள்.

நம் மோர் சரிப்படுமா?

உண்மையில் நம் பழைய மோர்தான் அவர்களுடைய பழைய ‘பட்டர்மில்க்’. கடைந்து வெண்ணெய் எடுத்தபின் நிற்கும் புளிப்பு நீர், இரண்டு ஊரிலும் ஒன்றே. இப்போது நாம் மோர் என்று குடிப்பது தயிரில் நிறையத் தண்ணீர் ஊற்றியது, அது போதாது. புளித்த கெட்டித் தயிர் 300 மில்லிக்குத் தண்ணீர் 100 மில்லி கலந்து அடித்தால் சரியாக வரும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட பாக்கெட் மோர் வேண்டாம் (ஒருவர் கேட்டார்).

சரி, செய்முறை?

450 கிராம் மைதா, தலைதட்டி ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. சோடாவைக் கட்டி இல்லாமல் சலித்து மாவில் கலக்கவும். நடுவில் குழி செய்து, கலக்கிவைத்த தயிரில் 350 முதல் 400 மில்லி வரை ஊற்றி, விரல்களை விரித்துச் சுழற்றிச் சேர்க்கவும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். மாவு ஒன்றுசேர்ந்தால் போதும், கொஞ்சம் ஒட்டட்டும். உருட்டி, லேசாகத் தட்டி, ஆழமாகக் கீறி, 230 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், பிறகு 200 டிகிரியில் அரை மணி. அடியில் தட்டினால் வெற்றுப் பானை போலச் சத்தம் வர வேண்டும்.

பழுப்பு ரொட்டிக்குப் பாதி மைதா, பாதி கோதுமை மாவு. ஐரிஷ் முழு மாவு கொரகொரப்பானது. நம் சப்பாத்தி மாவு நைசாக அரைத்தது. இரண்டு கைப்பிடி கோதுமைத் தவிடு சேர்த்தால் அந்தப் பதம் கிடைக்கும். கோதுமை மாவு ஈரத்தை அதிகம் குடிக்கும் என்பதால் தயிரும் கொஞ்சம் கூடும்.

ஓவன் இல்லை. விட்டுவிடவா?

வேண்டாம், வடக்கத்தி முறைக்கு மாறுங்கள். தோசைக்கல் இருந்தால் போதும். அதே வெள்ளை மாவை அரை அங்குலக் கனத்துக்கு வட்டமாகத் தட்டி நாலாக நறுக்குங்கள். எண்ணெய் வேண்டாம், கல்லில் ஒரு சிட்டிகை மாவு தூவிப் பாருங்கள், மெல்லப் பழுப்பேறினால் சூடு சரி. உடனே கருகினால் தணியுங்கள். சிறு தீயில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். கடைசியில் நறுக்கின விளிம்புகளைக் கல்லில் நிற்க வைத்து வாட்ட வேண்டும். அங்கேதான் மாவு பச்சையாக நின்றுவிடும்.

எத்தனை நாள் தாங்கும்?

சுட்ட அன்றைக்குத்தான் அருமை. கொழுப்பு இல்லாததால் மறுநாளே வறளும். மொறுமொறு மேல்தோல் வேண்டாமென்றால் சூடாகவே துணியில் சுற்றிவையுங்கள். மறுநாள் டோஸ்ட். வடக்கே அல்ஸ்டர் பகுதியில் மிஞ்சிய ஃபார்லைக் குறுக்கே பிளந்து, இறைச்சி பொரித்த கொழுப்பிலேயே வறுத்து, முட்டையும் உருளைக்கிழங்கு ரொட்டியும் சேர்த்துக் காலையில் சாப்பிடுவார்கள். ‘அல்ஸ்டர் ஃப்ரை’ என்பது அதுதான். நான் நெய்யில் வறுக்கிறேன்.

தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்? ‘சோடா பிரெட்’ என்றே விட்டுவிடலாமா?

சோடா ரொட்டி போதும். தமிழ்நாட்டில் ரொட்டி என்றால் பேக்கரி பிரெட்டும் வரும், தோசைக்கல்லில் சுட்டதும் வரும். ஓவன் உருண்டை, கல் ஃபார்ல் இரண்டையும் ஒரே சொல் தாங்கிக்கொள்ளும். இலங்கைத் தமிழருக்கு இந்த வசதி இல்லை. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த பாண் அங்கே பேக்கரிக்கு, ரொட்டி வீட்டுக் கல்லுக்கு என்று கணக்குத் தீர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். உருண்டையைக் காட்டினால் ‘சோடாப் பாண்’, ஃபார்லைக் காட்டினால் ‘சோடா ரொட்டி’ என்றாள். டப்ளினும் பெல்ஃபாஸ்டும் இன்னும் ஒத்துப்போகாத விஷயத்தை அரை நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டு, இதற்குச் சம்பல் சேருமா என்று கேட்டாள். ஃபார்லுக்குச் சேர்கிறது.